பார்மெட் போடுவதற்கு முன்

திரையின் நடுவில் ஒரு சிறிய பெட்டி வந்து நிற்கும். ஒரு வரி ஆங்கிலம், கீழே ஓர் எண், அதற்கும் கீழே ‘ஓகே’ பொத்தான். அலுவலகத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பொத்தானை அழுத்திப் பெட்டியை மறைத்துவிட்டுத்தான் போனை எடுப்பார்கள். ‘என்ன வந்துச்சு மேடம்?’ என்று கேட்டால், ‘ஏதோ எரர்னு வந்துச்சுங்க சார், நீங்க ஒரு நடை வந்துட்டுப் போங்க’ என்று பதில் வரும். நான் இருப்பது துறையூரில். அலுவலகம் இருப்பது பச்சைமலையின் மேல். உப்பிலியபுரம் தாண்டி, சோபனபுரத்திலிருந்து மலைப்பாதையில் ஏறி டாப் செங்காட்டுப்பட்டி போய்ச் சேர வேண்டும். மேலே போன பிறகு ‘அந்த ஃபைல் வேண்டும், இந்த சிடி வேண்டும்’ என்று தெரிந்தால் அன்றைய வேலை அன்று முடியாது. அந்த எண்ணைச் சொல்லியிருந்தால் பையில் எதை வைப்பது என்பது வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் எல்லாப் பிரச்சினைக்கும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: பார்மெட். மென்பொருள் ஏறவில்லையா, பார்மெட் போட்டு ஓஎஸ்ஸைப் புதிதாக ஏற்று. இரண்டு மணி நேரத்தில் முடியும், காரணம் தேட வேண்டாம், கூலியும் நிச்சயம். பல வருடங்களாக இந்த வேலையைச் செய்துவரும் நான் சொல்ல விரும்புவது இதற்கு நேர்மாறானது. பத்தில் ஒன்பது எரர்கள் தங்கள் காரணத்தைத் தாங்களே எழுதி வைத்திருக்கின்றன. அதைப் படிக்கப் பழகுவதுதான் இந்தத் தொழில். பச்சைமலை போன்ற இடத்தில் அப்படிப் படிப்பது விருப்பம் சார்ந்த விஷயமாக இருக்க முடியாது, அது கடமை.

மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பச்சைமலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்று. திருச்சி மாவட்டத்தின் வடக்கில் எழுந்து பெரம்பலூர், சேலம் மாவட்டங்களையும் தொட்டு நிற்கிறது. வண்ணாடு, கோம்பை, தென்புறநாடு என்று நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் ஊர்களில் பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மரவள்ளியும் முந்திரியும் சிறுதானியமும் விளைகிற பூமி. சாதிச் சான்றிதழோ, கூட்டுறவுக் கடனோ, பிள்ளைகளின் உதவித்தொகையோ, இன்று எல்லாமே ஏதோ ஓர் அலுவலகத்துக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வருகிறது. ஜூன் மாதத்தில் ஒரு சிஸ்டம் படுத்துவிட்டால், கல்லூரியில் சேரக் காத்திருக்கும் பிள்ளையின் அப்பா வேலையை விட்டுவிட்டு மலையிறங்க வேண்டும். 2022 ஜூனில் மத்திய அரசு நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய் செலவில் கணினிமயமாக்க ஒப்புதல் கொடுத்தது. மலைவாழ் மக்களுக்கான லேம்ப்ஸ் சங்கங்களும் அந்த வகையில் சேர்ந்தவை. மேஜைமேல் இருக்கும் பேரேடு கம்ப்யூட்டருக்குள் போகும்போது, அந்த மென்பொருள் ஒழுங்காக ஏறுவதும் மக்கள் பிரச்சினையாகிவிடுகிறது.

முதலில் எண்ணைப் படிக்கும் முறையைச் சொல்கிறேன். விண்டோஸில் 8007 என்று தொடங்கும் எட்டு இலக்க எண் வந்தால் கடைசி நான்கு இலக்கங்கள்தான் விஷயம். அது பதினாறை அடிமானமாகக் கொண்ட எண். 80070643 என்று வந்தால் 643-ஐ எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறை 256-ஆல் பெருக்கி, நான்கை 16-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி, மூன்றையும் சேர்த்தால் 1603. அதாவது விண்டோஸ் அப்டேட் 80070643 என்று சொல்வதும், ஒரு செட்டப் ஃபைல் 1603 என்று சொல்வதும் ஒரே புகார். 80070652 என்பது 1618: வேறொரு இன்ஸ்டலேஷன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அது முடியும்வரை பொறு என்று பொருள். 80070070 என்பது 112: டிஸ்கில் இடம் இல்லை. 80070005 என்பது வெறும் 5: அனுமதி மறுக்கப்பட்டது. கணக்குப் போட வராதவர்கள் விண்டோஸ் கால்குலேட்டரைப் புரோகிராமர் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். கமாண்ட் பிராம்ப்டில் ‘நெட் ஹெல்ப்எம்எஸ்ஜி’ கட்டளையோடு 112 என்று அடித்தால் விண்டோஸே அதன் பொருளை எழுதிக் காட்டும். இதற்கு இணையம் தேவையில்லை. டவர் கிடைக்காத அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது எத்தனை பெரிய உதவி என்பது அங்கே உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

இணையம் இல்லாததே ஒரு பெரிய வகைக் கோளாறு. இன்றைய செட்டப் ஃபைல்கள் பல, இரண்டு மூன்று எம்பி அளவில் இருக்கும். உண்மையான மென்பொருள் அதில் இருக்காது. ஓடத் தொடங்கியபின் மீதியை இணையத்திலிருந்து இழுக்கும். துறையூரில் அது ஒழுங்காக ஏறும், மலையில் பாதியில் நிற்கும். அதனால் எப்போதும் முழு ‘ஆஃப்லைன்’ செட்டப்பைத்தான் எடுத்துப் போக வேண்டும். டாட் நெட் 3.5 இதற்கு நல்ல உதாரணம். பழைய கணக்கு மென்பொருள்கள் பலவும் அதைக் கேட்கும். விண்டோஸ் 10-இல் அது முன்கூட்டியே ஏறியிருப்பதில்லை. ஏற்றச் சொன்னால் மைக்ரோசாப்ட் சர்வரைத் தேடிப் போகும். வழி இல்லையென்றால் 800எஃப்081எஃப் என்ற எண்ணோடு திரும்பும். ‘மூல ஃபைல்கள் கிடைக்கவில்லை’ என்பதுதான் அதன் பொருள். ஆனால் அந்த மூல ஃபைல்கள் விண்டோஸ் டிவிடியிலேயே, ‘சோர்ஸஸ்’ ஃபோல்டருக்குள் ‘எஸ்எக்ஸ்எஸ்’ என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. டிஸ்ம் கட்டளைக்கு அந்த இடத்தைக் காட்டிவிட்டால் ஐந்து நிமிடத்தில் ஏறிவிடும். டிவிடி மட்டும் அந்த சிஸ்டத்தில் இருக்கும் அதே விண்டோஸ் பதிப்பாக இருக்க வேண்டும். அதனால் என் பையில் பதிப்புக்கு ஒன்றாக ஐஎஸ்ஓ ஃபைல்கள் இருக்கும். பென்டிரைவை ஃபேட்32 முறையில் வைத்திருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.

அடுத்தது கரண்ட். மலையில் பல அலுவலகங்களில் சாயந்திரம் கிளம்பும்போது சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவார்கள். இடி மின்னலுக்குப் பயந்து செய்வது, நியாயம்தான். ஆனால் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரைதான் மதர்போர்டின் கடிகாரத்துக்கு அதிலிருந்து ஊட்டம் கிடைக்கும். முழுதாக அணைத்துவிட்டால் சிஆர்2032 என்ற நாணயம் போன்ற பேட்டரிதான் அதைச் சுமக்கிறது. அது சீக்கிரம் தீர்ந்துபோகும். மறுநாள் காலையில் சிஸ்டம் பல வருடங்களுக்கு முந்தைய ஒரு தேதியில் கண் விழிக்கும். அதன் பிறகு நடப்பதைப் பாருங்கள்: பாதுகாப்பான இணையதளம் எதுவும் திறக்காது, ஆக்டிவேஷன் 80072எஃப்8எஃப் என்று நிற்கும். டிஜிட்டல் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. சிஸ்டத்தின் கணக்குப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. புதிய மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டு மூன்று தடவை ஏற்றி இறக்குவார்கள், ஆன்டிவைரஸை அணைப்பார்கள், கடைசியில் பார்மெட்டுக்கு வருவார்கள். வலது மூலையில் இருக்கும் தேதியை யாரும் பார்ப்பதில்லை. நான் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒரு சில்லறைப் பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடுகிற வேலை இது.

இனி 1603. சர்வீஸ்காரர்களுக்குப் பிடிக்காத எண். ‘இன்ஸ்டலேஷனின்போது அபாயகரமான பிழை’ என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. ஏன் சொல்லவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் அதன்மேல் கோபம் வராது. 1999-இல் ஆபீஸ் 2000-த்தோடு வந்த விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரு நல்ல குணத்தோடு வடிவமைக்கப்பட்டது. பாதி வழியில் ஏதாவது தவறினால் அதுவரை செய்ததையெல்லாம் வரிசையாகத் திரும்ப எடுத்துவிடும். சிஸ்டத்தை அரைகுறையாக விட்டுவைக்காது. திரையில் பெட்டி வருவது அந்த வாபஸ் எல்லாம் முடிந்த பிறகு. ஆக, நாம் பார்க்கும் செய்தி விபத்து நடந்த இடத்தைக் காட்டுவதில்லை. நடந்ததை அறிய லாகைத் திறக்க வேண்டும். எம்எஸ்ஐஎக்ஸெக் கட்டளையோடு லாக் எழுதச் சொல்லி செட்டப்பை ஓட்டினால், ஆயிரக்கணக்கான வரிகளோடு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாகும். கடைசி வரிகளைப் படித்துப் பயனில்லை, அங்கே இருப்பது வாபஸ் வாங்கிய கதை. நோட்பேடில் திறந்து, மேலிருந்து ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்று தேட வேண்டும். முதலில் அது எங்கே கிடைக்கிறதோ, அதற்கு நேர்மேலே இருக்கும் சில வரிகளில்தான் காரணம் இருக்கும்.

மலைமேல் ஓர் அலுவலகத்தில் கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்ற வேண்டியிருந்தது. அதற்கு முன்பு வேறு ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ‘இது ஏறாது, பார்மெட்தான்’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். லாகைத் திறந்தேன். 1603-க்கு மேலே 1714 என்று ஓர் எண் இருந்தது: பழைய பதிப்பை நீக்க முடியவில்லை. அதே வரியின் கடைசியில் 1612: பழைய பதிப்பின் மூலம் கிடைக்கவில்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘இன்ஸ்டாலர்’ என்று ஒரு மறைவான ஃபோல்டர் உண்டு. எம்எஸ்ஐ வகை செட்டப் ஃபைலால் ஏற்றிய ஒவ்வொரு மென்பொருளுக்கும் அந்த ஃபைலின் பிரதியை விண்டோஸ் அதில் பத்திரப்படுத்தும், நீக்கவும் சரிசெய்யவும் அது வேண்டும். ஃபைல்களின் பெயர்கள் அர்த்தமில்லாத எண்ணும் எழுத்துமாக இருப்பதால் பார்ப்பவருக்குக் குப்பை போலத் தோன்றும். திறந்து பார்த்தேன், ஏறக்குறைய காலி. சி டிரைவ் நிறைந்துபோன ஒரு நாளில் இடம் தேடி யாரோ துடைத்திருக்கிறார்கள்.

‘மேடம், இந்த சாஃப்ட்வேர் முதல்ல போட்டப்ப சிடி ஏதாச்சும் குடுத்தாங்களா?’ என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். ‘அது எனக்கு முன்னாடி இருந்த சார் காலத்துலங்க. அண்ணனைக் கேட்டாத்தான் தெரியும்.’

அலுவலக உதவியாளர் அண்ணன் பீரோவைத் திறந்தார். பழைய ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில், ரப்பர் பேண்ட் இற்று ஒட்டிக்கொண்ட ஒரு காகித உறை. ‘இதுவா பாருங்க தம்பி. தூக்கிப் போட மனசு வரல, அப்படியே வெச்சிருந்தேன்’ என்றார். அதே மென்பொருள், லாகில் இருந்த அதே பதிப்பு எண். என்னோடு கொண்டுபோன வெளி டிவிடி டிரைவில் போட்டு, உள்ளே இருந்த எம்எஸ்ஐயை, பிரதியை மறுபடி சேமிக்கச் சொல்லும் கட்டளையோடு ஓட்டினேன். காலி ஃபோல்டரில் பிரதி வந்து உட்கார்ந்தது. பிறகு புதிய பதிப்பு தானாகப் பழையதை நீக்கிவிட்டு ஏறியது. அத்தனை வருடக் கணக்கும் இருந்த இடத்தில் இருந்தது. அன்றைக்கு வேலையை முடித்தது அந்த அண்ணனின் பத்திரப்படுத்தும் குணம்தான். சிடி உறையையோ லைசென்ஸ் தாளையோ எறியாத ஓர் ஆள் இருக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை எப்போதும் பாதிதான்.

பார்மெட் எதை அழிக்கிறது என்பதை இன்னோர் இடத்தில் கண்ணால் பார்த்தேன். ‘டேட்டாவை எல்லாம் டி டிரைவ்ல எடுத்து வெச்சிட்டுத்தான் பார்மெட் போட்டாங்க, ஆனா ஒண்ணுமே படிக்க முடியல சார்’ என்றார்கள். ஃபைல்கள் அப்படியே இருந்தன. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குழப்பம். பயனாளிகள் பட்டியல், தீர்மானங்கள், பழைய கடிதங்கள் எல்லாம் அந்தக் கோலத்தில் இருந்தன. தமிழக அலுவலகங்களில் நெடுங்காலம் புழங்கியவை வானவில் போன்ற எழுத்துருக்கள். அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் உட்கார்ந்திருக்கும். ஃபைலில் இருப்பது அந்த ஆங்கில இடத்தின் எண் மட்டுமே, தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின்போது, தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வ முறையாக அறிவித்தது. ஆனால் அதற்கு முன்பு தட்டச்சு செய்த ஃபைல்கள் தாமாக மாறிவிடுவதில்லை, அதற்குப் பிறகும் பழைய விசைப்பலகைப் பழக்கத்தில் பலர் தொடர்ந்தார்கள். டி டிரைவுக்கு ஃபைல்களை எடுத்து வைத்தவர் சி டிரைவிலிருந்த எழுத்துரு ஃபோல்டரை நினைக்கவில்லை.

வழி இருந்தது. வேர்டில் அந்தக் குழப்பத்தின் நடுவே கர்சரை வைத்தால், மேலே எழுத்துருப் பெட்டியில் அதன் பெயர் இன்னும் தெரியும். எழுத்துரு சிஸ்டத்தில் இல்லாவிட்டாலும் பெயர் ஃபைலோடு தங்கியிருக்கும். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டேன். அதே துறையின் வேறோர் அலுவலகத்தில் அதே எழுத்துரு இருந்தது. கொண்டுவந்து ஏற்றியதும் முதல் பக்கத்தில் தலைப்பு தமிழாக மலர்ந்தது. சுற்றி நின்றவர்கள் அந்தப் பட்டியலில் இருந்த ஊர்க்காரர்களின் பெயர்களைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இதே குழப்பத்தைப் பார்த்து ‘ஃபைல் கரப்ட்’ என்று அழித்த இடங்களும் உண்டு என்று நினைக்கும்போது மனம் பதறுகிறது. மாற்றி மென்பொருள் கொண்டு இந்தப் பழைய ஃபைல்களையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றி வைப்பது ஒவ்வோர் அலுவலகமும் செய்து முடிக்க வேண்டிய வேலை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எம்எஸ்விசிபி140 டிஎல்எல் இல்லை என்று வந்தால், கண்ட இடத்தில் அந்த ஒரு ஃபைலை மட்டும் தேடி எடுத்துப் போடக் கூடாது. மைக்ரோசாப்ட் தரும் விஷுவல் சி++ தொகுப்பை முழுதாக ஏற்ற வேண்டும், 64 பிட் சிஸ்டமானாலும் 32 பிட் தொகுப்பையும் சேர்த்து. நெட்வொர்க்கில் பகிர்ந்த பிரிண்டரைச் சேர்க்கும்போது 11பி என்று முடியும் எண் வந்தால் டிரைவரைத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பயனில்லை. 2021 செப்டம்பர் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு பரவலாக வந்த சிக்கல் அது. பிரிண்டர் மாட்டியிருக்கும் சிஸ்டத்தையும் பகிர்ந்துகொள்ளும் சிஸ்டத்தையும் ஒரே அளவுக்கு அப்டேட் செய்துவிட்டுப் பார்க்க வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர் பழைய விண்டோஸ் 7-இல் மறுத்தால், 2019-இல் வந்த ஷா-2 அப்டேட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த விண்டோஸுக்கே 2020 ஜனவரி 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அரசாங்கப் பணமும் ஏழையின் கணக்கும் இருக்கும் சிஸ்டத்தில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

லைசென்ஸ் வாங்காமல் மென்பொருளை ஓடவைக்கும் கிராக் விஷயத்தில் நான் வளைந்து கொடுப்பதில்லை. ‘வேற ஆளு சும்மா போட்டுத் தர்றாரே’ என்று கேட்பார்கள். அப்படிப் போடும் ஆக்டிவேட்டர்கள் ஓடுவதற்கு முன் முதலில் சொல்வதே ஆன்டிவைரஸை அணைக்கத்தான். கதவைத் திறந்துவிட்டபின் உள்ளே என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது. காசு இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது, கடிதத்துக்கும் பட்டியலுக்கும் அது தாராளம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது. இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைப்பதைச் சொல்லிக் கொடுப்பதும் சர்வீஸ்காரன் வேலைதான்.

போகும் இடமெல்லாம் ஒரு நோட்டு வைக்கச் சொல்கிறேன். எரர் வந்தால் ‘ஓகே’ அழுத்துவதற்கு முன் போனில் ஒரு படம். நோட்டில் தேதி, எந்த மென்பொருள், எந்த எண், அதற்கு முன்பு என்ன செய்தார்கள், யார் வந்து என்ன மாற்றினார்கள். சிடிகளும் லைசென்ஸ் சாவிகளும் ஒரே உறையில், பீரோவில். மலையிலேயே படித்து, மலையிலேயே வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் இதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஒரு நாள் போன் வந்தது: ‘அண்ணே, 80070652 வருது. அதாவது 1618 தானே? பின்னாடி அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கு போல. முடிஞ்சதும் ரீஸ்டார்ட் பண்ணிட்டு திரும்ப ஏத்தவா?’ ஏற்று என்றேன். ஏறியது. அன்றைக்கு எனக்குக் கூலி இல்லை, ஆனால் அந்த அலுவலகத்து வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு நாள் மிச்சமானது. மலையில் இப்படி ஊருக்கு ஒருவர் உருவானால் நான் ஏறிப் போக வேண்டியது பேட்டரி மாற்றவும் ஹார்டு டிஸ்க் மாற்றவும் மட்டும்தான்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்வது இதுதான். நம் கைக்கு வரும் பெட்டிக்குள் யாரோ ஒருவரின் நிலமும் கடனும் பிள்ளையின் படிப்பும் இருக்கிறது. முதலில் தேதியைப் பாருங்கள். எண்ணைக் குறித்து, அதைப் பிரித்துப் படியுங்கள். லாகைத் திறந்து மேலிருந்து தேடுங்கள். எழுத்துரு ஃபோல்டரைப் பிரதி எடுங்கள். இவ்வளவும் செய்தபின் பார்மெட்தான் வழி என்று தெரிந்தால் தயங்காமல் போடுங்கள், நானும் போடுவேன். ஆனால் எதற்காகப் போட்டோம் என்பதை அந்த நோட்டில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.